புதுத் துணியா? ஒரு ராத்திரித் தூக்கமா?

செல்போனில் "டிங்" என்று மணி அடித்தது.

"வருகிற வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு, சென்னை கிண்டியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு இண்டர்வியூவுக்கு வரவும். அசல் சான்றிதழ்களைக் கொண்டுவரவும்."

அவ்வளவுதான்! வீடு அல்லோலகல்லோலப்பட்டது!

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளலாம். தகப்பனார் கட்டிட வேலைக்குப் போகிறார். தாயார் பீடி சுற்றுகிறார். மகள் பி.காம். தேறியவள். அந்த வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

செய்தி வந்தது ஞாயிற்றுக்கிழமை. இண்டர்வியூ வியாழக்கிழமை. நடுவே இருப்பது 3 நாள்.

தாயார் அரிசிப் பானைக்குள் கையை விட்டார். முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து எண்ணினார். 2 ஆயிரம் ரூபாய் இருந்தது.

"ஏட்டி, நாளைக்கே டவுனுக்குப் போயி நல்லதா ஒரு சுடிதார் எடுத்துட்டு வா. செருப்பும் புதுசா வாங்கிக்கோ. பட்டணத்துக்காரங்க முன்னாடி பழசைப் போட்டுட்டு நின்னா மதிப்பாங்களா?" என்றார்.

"இருக்கிறது போதாதாம்மா?" என்றாள் மகள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஆசைதான்.

தகப்பனார் தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் துணிக்கும் செருப்புக்குமாக ஆயிரத்து 600 ரூபாய் போயிற்று. மீதி 400. பக்கத்து வீட்டில் ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினார்கள்.

புதன்கிழமை மாலை தகப்பனும் மகளும் ரெயில் ஏறினார்கள். முன்பதிவு இல்லாத பெட்டி. கால் வைக்க இடம் இல்லை. கழிவறை வாசலுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்தாள். தகப்பனார் நின்றார். சுமார் 650 கிலோமீட்டர்! விடிய விடிய இருவரும் கண் மூடவில்லை.

காலையில் ஸ்டேஷனில் முகம் கழுவி, புதுச் சுடிதாரை மாட்டிக்கொண்டாள். கடையில் மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது. புதுச் செருப்பு கடித்தது. கிண்டி போய்ச் சேருவதற்குள் குதிகாலில் கொப்புளம்.

9.30-க்கு வரச் சொன்னார்கள். கூப்பிட்டது 11.30-க்கு.

எதிரே 3 பேர்.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ப்" என்றார் ஒருவர். உன்னைப் பற்றிச் சொல் என்பதுதான்.

வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

"ஒரு கடைக்காரர் 10 ஆயிரம் ரூபாய் சரக்கைக் கடனுக்கு விற்கிறார். கணக்கில் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டார் இன்னொருவர்.

வாங்கியவர் கணக்கில் பற்று. விற்பனைக் கணக்கில் வரவு. தெருப் பிள்ளைகளுக்கு அவளே டியூஷன் சொல்லிக்கொடுத்த கணக்கு அது! அன்றைக்குத் தலைகீழாகச் சொன்னாள். சொன்னது தப்பு என்பதும் உடனே தெரிந்தது. திருத்தத் தைரியம் வரவில்லை.

7 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வாசலில் மரத்தடியில் காத்திருந்த தகப்பனார் ஓடி வந்தார்.

"என்ன தாயி, நல்லாப் பண்ணினியா?"

மகள் பதில் சொல்லவில்லை.

எது காலை வாரியது?

இந்தப் பெண்ணுக்கு என்ன குறை? படிப்பு இருந்தது. புதுத் துணி இருந்தது. புதுச் செருப்பும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: தூக்கம்!

ஒரு இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் ஞாபகமும் கவனமும் குறையும். தெரிந்ததும் நாக்கில் வராது. இது வைத்தியர்கள் எல்லோரும் சொல்கிற விஷயம். பரீட்சைக்கு முந்திய இரவு "போதும், படுத்துத் தூங்கு" என்று பிள்ளையை அதட்டும் தாய்மாருக்கும் இது தெரியும். ஆனால் இண்டர்வியூ என்று வந்துவிட்டால் மட்டும் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தையும் துணியில் போட்டுவிடுகிறார்கள். பிள்ளையை விடிய விடிய உட்கார வைத்துக் கூட்டிப்போகிறார்கள்.

இது தலைகீழ்ச் செலவு. பணம் முதலில் போகவேண்டியது தூக்கத்துக்கு. துணிக்குப் போகவேண்டியது சோப்பும் இஸ்திரியும்தான்.

இதைச் சொன்னால் தாயார்மாருக்குக் கோபம் வரும். "ஆள் பாதி ஆடை பாதி என்று சொல்லவில்லையா?" என்பார்கள். சொன்னது உண்மை. ஆனால் ஆடை பாதி என்றுதான் சொன்னார்களே தவிர, புது ஆடை பாதி என்று சொல்லவில்லை!

விலையை யாரும் பார்ப்பதில்லை

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைப் பார்க்கிறார்? துணி துவைத்ததா, அழுக்கா? கசங்கியதா, இஸ்திரி போட்டதா? தலை வாரியிருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? வியர்வை நாற்றம் வருகிறதா? பொத்தான் எல்லாம் இருக்கிறதா? இவ்வளவுதான். துணி என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. அக்கறையும் இல்லை.

ஆளைப் பார்த்து எடை போடுவது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லைதான். கணக்கு எழுதப் போகிறவளுக்குக் கணக்கு வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆனால் மனிதக் கண் அப்படி ஓடுவதில்லை. முதலில் தோற்றத்தில் விழுகிறது. பிறகுதான் காது திறக்கிறது. ஆகவே கண்ணுக்கு வேண்டியதைச் சுத்தத்தால் கொடுத்துவிடவேண்டும். சுத்தத்துக்குப் பணக்காரனாக இருக்கவேண்டியதில்லை.

புதுத் துணியில் வேறு தொல்லைகளும் உண்டு. கழுத்தில் உள்ள சீட்டு உறுத்தும். கடைக் கஞ்சி மொடமொடக்கும். கை தூக்கினால் அக்குள் பிடிக்கும். உடம்பு அந்தத் துணிக்குப் பழகுவதற்குள் இண்டர்வியூ முடிந்துவிடும். புதுச் செருப்பும் புது பூட்சும் இன்னும் மோசம். காலைக் கடிக்கிற செருப்பை மாட்டிக்கொண்டு யாராவது நிதானமாகப் பேசமுடியுமா?

நாலு தடவை போட்டுப் பழகிய துணியே நல்லது.

அதை முதல் நாளே துவைக்கவேண்டும். பருத்தித் துணியானால் வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, நிழலில் உலர்த்தினால் மிடுக்காக நிற்கும். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். காலர் ஓரத்தில் அழுக்கு ஏறியிருந்தால் துவைப்பதற்கு முன்பே சோப்பைத் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிடவேண்டும். இரண்டு துணியில் எதைப் போடுவது என்ற கேள்வி வந்தால், வெளிர் நிறத்தை எடுக்கலாம். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியானால் சீக்கிரம் கசங்காது. நீண்ட பயணத்துக்கு அதுதான் தோது.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லையா? தெருமுனை வண்டிக்காரர் சில ரூபாய்க்குத் தேய்த்துக் கொடுப்பார். போன இடத்தில் வண்டிக்காரர் இல்லையானால் அடி தட்டையான எவர்சில்வர் சொம்பில் கொதிக்கும் நீரை ஊற்றித் துணியால் பிடித்துத் தேய்க்கலாம். கசங்கல் போய்விடும். ஹாஸ்டல் பையன்கள் பேண்ட்டை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து மேலே படுத்துக்கொள்வது உண்டு. அதுவும் பழுதில்லை!

முக்கியமான ஒன்று. இண்டர்வியூ துணியைப் போட்டுக்கொண்டு ரெயில் ஏறக்கூடாது. மடிப்புகளுக்கு நடுவே பழைய பத்திரிகைத் தாளை வைத்து மடித்து, தனிப் பையில் கொண்டுபோகவேண்டும். கூடவே 2 ஊக்கு, ஊசி நூல், ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு. சென்னைப் புழுக்கத்தில் பஸ்ஸில் போனாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முடிந்தால் இடத்துக்குப் பக்கத்தில் போய் மாற்றிக்கொள்வதே மேல்.

செருப்புத் தைப்பவரிடம் பழைய பூட்சைக் கொடுத்தால் அறுந்ததைத் தைத்து, பாலிஷும் போட்டுத் தருவார். அந்தச் செலவு வீண் போகாது.

நல்ல சட்டையே இல்லை என்றால்? சித்தப்பா மகனிடம் கேட்டு வாங்கிப் போகலாம். கல்யாணத்துக்கு நகையை இரவல் வாங்க வெட்கப்படாத வீடுகள், இண்டர்வியூவுக்குச் சட்டையை இரவல் கேட்க மட்டும் ஏனோ வெட்கப்படுகின்றன!

அதே ரெயில், ஒரு நாள் முன்னால்

இப்போது தூக்கத்துக்கு வருவோம்.

ரெயிலில் படுத்துக்கொண்டு போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. சென்னை ரெயில்களில் படுக்கை சீக்கிரம் தீர்ந்துபோகும். இண்டர்வியூவுக்கு அழைப்பு வருவதோ 4 நாள் முன்னால்!

மிஞ்சுவது தட்கல். ரெயில் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குச் சாதாரணப் படுக்கைக்கான தட்கல் திறக்கும். வழக்கமான கட்டணத்துக்கு மேல் குறைந்தது 100 ரூபாய் கூடும். 2025 ஜூலை முதல், இண்டர்நெட்டில் தட்கல் எடுப்பவர்கள் கணக்கோடு ஆதாரை இணைத்திருக்கவேண்டும். அழைப்பு வந்த பிறகு அதற்காக ஓடிக்கொண்டிருக்காமல், வேலை தேடத் தொடங்கும்போதே செய்துவைத்துக்கொள்ளலாம்.

தட்கலும் கிடைக்கவில்லையா? முன்பதிவு இல்லாத பெட்டிதான் கதி. போகட்டும். அந்தப் பெட்டியிலேயே போகலாம். ஆனால் ஏறவேண்டியது புதன்கிழமை அல்ல, செவ்வாய்க்கிழமை!

அதே ரெயில், அதே கூட்டம், அதே கழிவறை வாசல். ஆனால் புதன்கிழமை காலையில் சென்னை வந்துவிடலாம். அன்று பகல் முழுவதும் கையில் இருக்கும். இரவு படுத்துத் தூங்கலாம். வியாழக்கிழமை காலையில் எழுந்து குளித்துவிட்டுப் போகலாம்.

மதுரை, திருச்சி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. காலையில் மதுரையில் புறப்படும் வைகை எக்ஸ்பிரஸ் பிற்பகலில் சென்னைக்கு வந்துவிடுகிறது. பகலிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம். தெற்கே இருப்பவர்களுக்கு நாகர்கோவிலுக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் அந்த்யோதயா ரெயில் இருக்கிறது. அதில் எல்லாப் பெட்டியுமே முன்பதிவு இல்லாதவை.

பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோயம்பேட்டில் இறங்கிய காலம் வேறு. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு தென் மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். "8 மணிக்குப் பஸ் வந்துவிடும், 9.30-க்கு இண்டர்வியூ" என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஒரு நாள் முன்னால் வந்தால் செலவு கூடாதா? கூடும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கையில் 2 ஆயிரம் ரூபாய். முன்பதிவு இல்லாத பெட்டியில் ஆளுக்கு, ஒரு வழிக்கு, 200 ரூபாய் அளவில் ஆகும். இரண்டு பேர் போக, வர 800. சோப்பு, இஸ்திரி, செருப்புத் தையல் எல்லாம் சேர்த்து 100. சாப்பாட்டுக்கு 300. நகருக்குள் போய்வர 100. மொத்தம் ஆயிரத்து 300. மீதி 700 ரூபாய் இருக்கிறது. ஒரு இரவு தங்குவதற்கு உள்ள பணம் அதுதான். உறவுக்காரர் வீடு இருந்தால் அந்த 700-ம் அரிசிப் பானைக்கே திரும்பிவிடும்!

உண்மையில் கூடுதல் செலவு வேறு ஒன்று. தகப்பனாருக்கு இன்னும் ஒரு நாள் கூலி போகும். தினக்கூலிக்காரருக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் புதுச் சுடிதாருக்குக் கொடுத்த பணத்தையும், அந்த ஒரு நாள் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மகளுக்கு உதவியிருக்கும் என்பது தெரியும்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போகச் சிலர் கூச்சப்படுகிறார்கள். "பட்டணத்தில் ஒரே அறையில் இருப்பார்கள், எதற்குத் தொந்தரவு?" என்கிறார்கள். ஒரு இரவுதானே! முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு, கொஞ்சம் முறுக்கோ அதிரசமோ கையோடு கொண்டுபோனால் "வாங்க சித்தப்பா" என்று கதவு திறக்கும். பெண்ணைத் தனியாக அனுப்பவேண்டியிருந்தால் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற ஊர்களில் அரசாங்கத்தின் "தோழி" மகளிர் விடுதிகள் இருக்கின்றன. ஓரிரு நாள் தங்குவதற்கு அங்கே இடம் கேட்கலாம். புறப்படும் முன்பே விசாரித்துவிடவேண்டும்.

புதன்கிழமை பகலில் ஒரு தூக்கம். சாயங்காலம் அந்த அலுவலகம் வரை ஒருமுறை போய்வருவது நல்லது. எந்தப் பஸ், எந்தத் தெரு, எந்த வாசல் என்று தெரிந்துவிடும். மறுநாள் காலையில் "அண்ணே, இந்த விலாசம் எங்கே?" என்று வியர்க்க விறுவிறுக்க ஓடவேண்டாம். பாதி பயம் அங்கேயே போய்விடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. ஆகவே இந்த ஒத்திகைக்கு மகளுக்குச் செலவே இல்லை.

காலையில் பட்டினியாகப் போகக்கூடாது. சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5 ரூபாய். 2013-ல் தொடங்கியபோது வைத்த விலை அது. 10 ரூபாயில் வயிறு நிறையும். எண்ணெய்ப் பலகாரம் மட்டும் அன்று வேண்டாம்.

கை நடுங்கினால்?

உள்ளே போகும்போது நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வியர்க்கும். நாக்கு வறளும். இது கோழைத்தனம் அல்ல. பயம் வந்தால் உடம்பு அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. அதனால்தான் இந்தப் படபடப்பு. பெரிய பெரிய பேச்சாளர்களுக்கும் இது உண்டு.

இதற்கு மருந்து மூச்சுதான். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடவேண்டும். ஐந்தாறு தடவை செய்தால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஏ.சி. அறைக்குப் பழகாதவர்களுக்கு இன்னொரு தொல்லை. வெயிலில் இருந்து உள்ளே போனதும் குளிரில் கை நடுங்கும். அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு மேலும் பயந்துவிடுவார்கள்! கொஞ்சம் முன்னதாகவே போய் உள்ளே உட்கார்ந்தால் உடம்பு பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட உதவுவது, வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம்.

"உன் பேர் என்ன? என்ன படிச்சிருக்க? உனக்கு எதுக்கு நாங்க வேலை தரணும்?" என்று தாத்தா அதட்டுவார். வீடே சிரிக்கும். சிரிக்கட்டும். பத்துத் தடவை சிரித்துக்கொண்டே சொன்ன பதில், பதினோராவது தடவை பட்டணத்தில் தடையில்லாமல் வரும். பெயர், ஊர், படிப்பு, தெரிந்த வேலை, இந்த வேலைக்கு ஏன் வந்தோம் — ஐந்தாறு வாக்கியம் போதும். இங்கிலீஷில் கேட்பார்கள் என்றால் அதே வாக்கியங்களை எளிய இங்கிலீஷில் பழகிக்கொள்ளவேண்டும். தடுமாறினால் "தமிழில் சொல்லலாமா?" என்று கேட்பதில் குற்றம் இல்லை.

தெரியாத கேள்விக்குத் "தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்பதே சரியான பதில். தப்பாகச் சொன்னது தப்பு என்று தெரிந்துவிட்டால், "மன்னிக்கவும், திருத்திச் சொல்கிறேன்" என்று உடனே சொல்லிவிடலாம். கேட்பவர்களுக்கு அது பிடிக்கும். தப்பை மூடி மறைக்காத கணக்குப்பிள்ளையைத்தானே அவர்களும் தேடுகிறார்கள்!

கூப்பிடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு

இவ்வளவும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் செய்யவேண்டியது. கூப்பிடுகிறவர்கள் செய்யவேண்டியது ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. நிறைய இருக்கிறது.

மத்திய அரசாங்கம் கீழ்நிலை வேலைகளுக்கு இண்டர்வியூவே வேண்டாம் என்று 2016 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. எழுத்துத் தேர்வு மார்க்கே போதும் என்றது. ரெயில்வே தேர்வு எழுதப் போகும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு இலவச ரெயில் பாஸ் உண்டு. வேலை இல்லாத இளைஞர்கள் அரசாங்க இண்டர்வியூவுக்குப் போவதற்கு ரெயில் கட்டணச் சலுகையும் ஒரு காலத்தில் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நிறுத்திய பல சலுகைகளோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் கொடுப்பதுதான் நியாயம். சம்பளம் இல்லாதவனிடம் ரெயில் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனம்?

தனியார் கம்பெனிகளின் பழக்கம் வேறு. 20 இடத்துக்கு 300 பேரைக்கூட வரச் சொல்வார்கள். எல்லோரையும் 9.30-க்கே வரச் சொல்வார்கள்! கடைசி ஆளைக் கூப்பிடும்போது சாயங்காலம் ஆகிவிடும். கம்பெனிக்கு அது பட்டியலில் இன்னும் ஒரு பெயர். அந்தக் குடும்பத்துக்கு 2 நாள் கூலியும் ஒரு கடனும்.

கொரோனா காலத்தில் செல்போன் மூலமாகவே முகம் பார்த்துப் பேசி ஆள் எடுத்தார்கள். அந்த வழி இன்னும் இருக்கிறது. முதல் சுற்றை அதில் முடித்துவிட்டு, எடுக்கக்கூடிய சிலரை மட்டும் நேரில் கூப்பிட்டால் என்ன? வெளியூர்க்காரருக்குப் பிற்பகல் நேரம் கொடுத்தால் என்ன? முகம் கழுவ ஒரு இடம், குடிக்கத் தண்ணீர், கூட வந்த தகப்பனார் உட்கார ஒரு பெஞ்சு. இதற்கு எவ்வளவு ஆகிவிடும்? கட்டணத்தில் பாதியையாவது கொடுக்கிற கம்பெனிக்கு நல்ல பெயர்தான் கிடைக்கும்.

வேலை இல்லை என்றால் அதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு வரிச் செய்தி போதும். சொல்லாமல் விட்டால் அந்த வீட்டில் செல்போன் அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் ஓடி வந்து நிற்பார்கள்.

பணம் கேட்டால் திரும்பிவிடுக!

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "வேலை நிச்சயம். ரூ.5 ஆயிரம் கட்டுங்கள், பயிற்சிக்கு, யூனிபார முக்கு, டெபாசிட்" என்பார்கள். சம்பளம் கொடுக்கிறவன் முதலில் பணம் கேட்பானா? அசல் சான்றிதழைக் காட்டலாம். அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாது. சந்தேகம் இருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. பட்டணம் போகாமலே, பக்கத்து ஊரிலேயே சில கம்பெனிக்காரர்களைப் பார்த்துவிடலாம்.

மறுபடியும் மணி அடித்தது

அந்தத் தென்காசிப் பெண்ணுக்கு 2 மாதம் கழித்து இன்னொரு அழைப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முறை அம்பத்தூர். வெள்ளிக்கிழமை 10 மணி.

தாயார் மறுபடியும் பானைக்குள் கையை விட்டார்.

"புதுசா ஒண்ணு எடுப்பமா?" என்றார்.

"வேண்டாம்மா. கல்லூரிக்குப் போட்ட நீலச் சுடிதாரைத் துவைச்சுத் தாங்க. நாங்க புதன்கிழமையே கிளம்புறோம்" என்றாள் மகள்.

வியாழக்கிழமை மாலையே தகப்பனும் மகளும் அம்பத்தூர்த் தெருவை நடந்து பார்த்துவிட்டார்கள். இரவு பெரியம்மா மகள் வீட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். மகள் காலை 6 மணிக்குத்தான் கண் விழித்தாள்.

இண்டர்வியூ முடிய 20 நிமிடம் ஆயிற்று.

"என்ன தாயி?" என்று கேட்டார், வாசலில் நின்ற தகப்பனார்.

"பத்து நாள்ல சொல்றோம்னாங்கப்பா. கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணு தப்பாச் சொல்லி, நானே திருத்திட்டேன்."

இருவரும் டீ குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அந்தச் செருப்பு இப்போது கடிக்கவில்லை.